ஏழாவது ஷாவின்யோ

1

செல்போன் அடித்துக்கொண்டேயிருந்தது.

எடுக்க வேண்டியவர் தரையில் கிடந்தார்.

குப்புற!

ஒரு கை முன்னால் நீண்டு, திறந்து கிடந்த குட்டி ஃப்ரிட்ஜின் கதவைத் தொட்டபடி இருந்தது. ஃப்ரிட்ஜுக்குள் எரிந்த மஞ்சள் விளக்கின் வெளிச்சம் அவருடைய நரைத்த பின்மண்டையில் விழ... அங்கே ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. பக்கத்திலேயே ஒரு இரும்பு க்ளாம்ப். மரத்தை இறுக்கிப் பிடிக்க வைத்திருந்தது. இன்றைக்கு அது வேறு வேலை பார்த்திருந்தது.

ஒரேலியன் பிரதெல். வயது அறுபத்திரண்டு. பழைய வாத்தியங்களைத் தொட்டுப் பார்த்தே ஜாதகம் சொல்லும் மனிதர். இவர் கையெழுத்துப் போட்டால்தான் பாரிஸில் ஒரு பழைய வாத்தியம் விலை போகும்.

க்ரைம் பிரிவு கேப்டன் நாதேஜ் கெர்ப்ரா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு போனை எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரே ஒரு பெயர்.

சொலாஞ்ச்.

"எடுக்காதீங்க கேப்டன்" என்றான் லெஃப்டினென்ட் யானிஸ். "இன்சூரன்ஸ் எடுக்கறீங்களான்னு கேப்பாங்க. இவருக்கு இனிமே பிரயோஜனம் இல்ல."

நாதேஜ் எடுத்தாள்.

"ஒரேலியன்?" பெண் குரல். வயதான குரல். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. பின்னணியில் ஆக்சிஜன் சீறும் சத்தம். "முடிஞ்சுதாப்பா? காலையிலேருந்து போனைக் கையிலயே வெச்சிக்கிட்டு படுத்திருக்கேன். நல்லதோ கெட்டதோ... சொல்லிடு. என்கிட்ட நேரம் இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"மதாம்... நீங்க யாரு?"

"நீ யாரும்மா?"

"போலீஸ்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். ஒன்று... இரண்டு... மூன்று...

"ஒரேலியனுக்கு என்ன ஆச்சு?"

நாதேஜ் இருபது வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னும் பழகவில்லை.

"இறந்துட்டார் மதாம். யாரோ..."

மேலே சொல்ல முடியவில்லை. எதிர்முனையில் அந்தக் கிழவி அழ ஆரம்பித்திருந்தாள். அழுவதற்கும் அவளிடம் போதுமான மூச்சு இல்லை. லைன் அறுந்தது.

*

பட்டறையின் மூலையில் ஒரு நாற்காலி. அதில் ஒரு பெண். தோல் ஏப்ரனை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தாள். பெயர் கொலோம்ப். வாத்தியங்களுக்கு வில் செய்பவள். பட்டறையில் பாதி வாடகை அவளுடையது.

"பன்னெண்டரைக்கு சாப்பிடப் போனேன். ரெண்டுக்குக் கால்மணி இருக்கும்போது திரும்பி வந்தேன். வந்து பாத்தா..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவர் சாப்பிடப் போகலையா?"

"ஒருத்தர் வர்றார், நீ போம்மான்னார். யாருன்னு சொல்லல. எதையும் நேரா சொல்ற ஆளா அவர்? கெட்டதை முதல்ல சொல்லி ஆளை அழ வெப்பார். அப்புறம்தான் நல்லதை எடுத்து விடுவார். என் வில்லுக்குப் பரிசு கிடைச்சப்ப, 'கொலோம்ப், உன் வில்லைத் திருப்பி அனுப்பிட்டாங்க'ன்னார். பத்து நிமிஷம் கழிவறையில உக்காந்து அழுதேன். வெளியில வந்தா கேக்கோட நிக்கறார் மனுஷன்!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"என்ன காணோம்?"

"நானும் அதத்தான் தேடினேன். எல்லாம் இருக்கு. வயோலும் இருக்கு."

மேஜைமேல் நீளமான பெட்டி. கொலோம்ப் திறந்தாள். உள்ளே... தேன் நிறத்தில், செல்லோ என்கிற பெரிய வயலினுக்குத் தங்கச்சி மாதிரி ஒரு வாத்தியம். ஆனால் செல்லோவுக்கு நாலு தந்தி. இதற்கு ஏழு. கழுத்தில் வீணைக்குப் போல மெட்டுகள்... ஆட்டுக்குடல் தந்தியையே சுற்றிச் சுற்றிக் கட்டிய மெட்டுகள். தலையில் ஒரு பெண்முகம் செதுக்கியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ரெமி ஷாவின்யோ செஞ்சது" என்றாள் கொலோம்ப். குரல் தானாகத் தணிந்தது. "ஆயிரத்து அறுநூத்தி எண்பதுகள்ல இந்த ஊர்லதான் பட்டறை வெச்சிருந்தார். எத்தனை செஞ்சாரோ... மிஞ்சினது மொத்தமே ஆறு. அதுலயும் நாலை அறுத்துட்டாங்க."

"அறுத்தாங்களா?"

"வயோலுக்கு மவுசு போச்சு. எல்லாரும் செல்லோ கேட்டாங்க. கழுத்தை வெட்டி, தோளைக் குறைச்சு, ஏழு தந்தியை நாலாக்கி... செல்லோவா மாத்தி வித்துட்டாங்க."

யானிஸ் உச்சுக்கொட்டினான். "ஆக, இந்த ஊர்ல கழுத்தை வெட்டறது அப்பவே ஆரம்பிச்சாச்சு!"

"இது ஏழாவது" கொலோம்ப் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "நாப்பத்தியோரு வருஷத்துக்கு முன்னாடி கிடைச்சுது. சொலாஞ்ச் ஓப்ரியாக்கோட வயோல். கேள்விப்பட்டிருப்பீங்களே... ஒரு காலத்துல அவங்க வாசிச்சா டிக்கெட் கிடைக்காது. இப்ப நுரையீரல் போய் ஆஸ்பத்திரியில கிடக்காங்க. மூணு வாரம்னு டாக்டர் சொல்லிட்டாராம். போறதுக்கு முன்னாடி வயோலை ஒரு மியூசியத்துக்குக் குடுக்கணும்னு, பரிசோதனை பண்ணச் சொல்லி ஒரேலியன்கிட்ட அனுப்பினாங்க."

"என்ன விலை போகும்?"

"நாலு லட்சம் யூரோ."

யானிஸ் விசிலடிக்க வாயைக் குவித்து, பிணத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

கொலோம்ப் ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, வயோலின் வயிற்றில் இருந்த பிறைத் துளை வழியாக உள்ளே அடித்தாள்.

உறைந்தாள்!

"என்ன?"

"லேபிள்..."

"எந்த லேபிள்?"

"செஞ்சவர் பேரு, வருஷம்... ஒரு துண்டுக் காகிதத்துல அச்சடிச்சு உள்ளே ஒட்டியிருக்கும். காலையில கூட பாத்தேன். இப்ப காணோம்!"

"நாலு லட்சம் யூரோவை விட்டுட்டு காகிதத்தைத் திருடிட்டுப் போனானா?" யானிஸ் தலையில் கை வைத்தான். "திருடனுங்க தரம் இவ்ளோ இறங்கிப் போச்சா கேப்டன்!"

நாதேஜ் டார்ச்சை வாங்கி உள்ளே பார்த்தாள். லேபிள் இருந்த இடத்தில் மரம் லேசாக நிறம் மாறி... கறுத்து...

"ஈரமா இருக்கே?"

"இருக்கும்" என்றாள் கொலோம்ப். "வளைச்ச கம்பியில துணி சுத்தி, வெந்நீர்ல நனைச்சு, துளை வழியா விட்டு ஒத்தணும். பசை ஊறி வர பதினஞ்சு நிமிஷம் ஆகும். அவசரப்பட்டா கிழிஞ்சிடும். கிழியாம, கறை படாம எடுத்திருக்காங்க..."

"பொணத்தைப் பக்கத்துல வெச்சிக்கிட்டு?" என்றான் யானிஸ்.

"பதினஞ்சு நிமிஷம்!"

மூன்று பேரும் ஒரு கணம் அந்தத் தரையைப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணு" என்றாள் கொலோம்ப். "நான் போகும்போது வயோல் மேஜைமேல இருந்துச்சு, தந்தி எல்லாம் முறுக்கா. இப்ப பாருங்க... ஏழு தந்தியையும் ஒரே அளவு தளர்த்தியிருக்கு. மல்லாத்தாம பக்கவாட்டுல சாய்ச்சு, கம்பளி போத்தி... குழந்தையைத் தூங்க வெச்ச மாதிரி வெச்சிருக்காங்க."

"திருடன் இப்படிப் பண்ண மாட்டான்" என்றாள் நாதேஜ் மெல்ல.

"பகையாளியும் பண்ண மாட்டான்."

"அப்ப யாரு பண்ணுவா?"

கொலோம்ப் தரையைப் பார்த்தாள். அவளுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. "எங்க தொழில் ஆளு."

நாதேஜ் ஃப்ரிட்ஜை எட்டிப் பார்த்தாள். ஒரு துண்டு சீஸ், அரை எலுமிச்சை, மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒரு ஷாம்பெயின் பாட்டில், குளிரட்டும் என்று வைத்த மூன்று கண்ணாடிக் கோப்பைகள்.

சாகப் போகிறவர் கை நீட்டியது இதற்காகவா?

யானிஸ் செத்தவரின் போனை நோண்டிக்கொண்டிருந்தான். "கேப்டன்! பதினொண்ணு அம்பதுக்கு இவர் ஒரு வீட்டு நம்பருக்குப் பேசியிருக்கார். நாலு நிமிஷம். யார் வீடு தெரியுமா?"

"சொல்லித் தொலை!"

"சொலாஞ்ச் ஓப்ரியாக் வீடு."

"அவங்கதான் ஆஸ்பத்திரியில இருக்காங்களே!"

"அதான் கேக்கறேன். அப்ப போனை எடுத்தது யாரு?"

கொலோம்ப் கண்ணை மூடிக்கொண்டாள்.

"லூசியன்" என்றாள். "அவங்க புருஷன். இந்த வயோலைக் கண்டுபிடிச்சவர். அவரும்... எங்க தொழில்தான்."

2

கதவைத் திறந்த கிழவரின் கையில் ஒரு மரக்கரண்டி.

"உள்ள வாங்க மதாம். அஞ்சே நிமிஷம்... சூப் அடி பிடிச்சிடும்."

லூசியன் தார்திவேல். எழுபத்திநாலு வயது. ஒல்லி. முட்டி தேய்ந்த கார்டுராய் பேன்ட். அடுக்களை முழுக்க லீக் என்ற வெங்காயத் தண்டும் உருளைக்கிழங்கும் வேகும் வாசனை. மேஜையில் ஒரு ஃப்ளாஸ்க் திறந்து காத்திருந்தது.

"ஆஸ்பத்திரி சூப்பை அவ தொடமாட்டா. தண்ணியில உப்புப் போட்டுக் குடுக்கறாங்க. தினம் நாலரைக்கு நான் கொண்டுபோயிடுவேன்."

"முசியே பிரதெல் செத்துட்டார், தெரியுமா?"

கரண்டி நின்றது. மறுபடி சுற்றியது.

"சொலாஞ்ச் போன் பண்ணினா. நல்ல மனுஷன்."

"பதினொண்ணு அம்பதுக்கு உங்களுக்குப் பேசினாரே?"

"ஆமா. வேலை முடியப் போகுதுன்னார்."

"அதுக்கு நாலு நிமிஷமா?"

"வயசானவங்க மதாம். முட்டி வலியைச் சொல்லவே மூணு நிமிஷம் ஆகும்."

யானிஸ் சிரித்துவிட்டான். நாதேஜ் முறைத்தாள்.

"இன்னைக்கு வெளியில போனீங்களா?"

"லீக் வாங்க. மூலைக் கடைக்கு."

அவர் கண்கள் அவளைப் பார்க்கவேயில்லை. சூப்பைத்தான் பார்த்தன. நாதேஜ் அவருடைய விரல்களைப் பார்த்தாள். கொலைகாரனின் விரல்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பதினைந்து நிமிஷம் நடுங்காமல் காத்திருக்கத் தெரிந்த விரல்கள்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"வயோலைத்தான் காப்பாத்த முடியல முசியே."

கரண்டி நின்றது.

"என்ன சொல்றீங்க?"

"கொலைகாரன் அதை அப்படியே போட்டுட்டு ஓடிட்டான். ரேடியேட்டர் பக்கத்துல, மல்லாக்க. ஏழு தந்தியும் முறுக்கா இருந்துச்சாம். சூட்டுல மேல்பலகை நடுவுல பொளந்துடுச்சு. உள்ள முட்டுக் குடுத்திருந்த குச்சி சாஞ்சு..."

"பொய்!"

கிழவர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"பக்கவாட்டுலதான சாய்ச்சு வெச்சேன்! ஏழையும் தளர்த்திட்டுத்தான..."

நின்றுவிட்டார்.

அடுப்பில் சூப் கொதித்துப் பொங்கியது.

யானிஸ் போய் அடுப்பை அணைத்தான்.

"வயோலுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் நாதேஜ். "நான்தான் பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

லூசியன் நாற்காலியைத் தடவித் தடவி உட்கார்ந்தார். அந்த நேரத்திலும் அவர் முகத்தில் முதலில் வந்தது என்ன தெரியுமா?

நிம்மதி!

"ஒண்ணும் ஆகலையா? நெஜமா?"

"நெஜமா."

"போதும்" என்றார். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"எம்பத்திமூணாம் வருஷம்" என்று ஆரம்பித்தார். "சொலாஞ்ச் மூணாவது தடவை இசைக்குழு வேலைக்கு வாசிச்சுக் காட்டிட்டு, மூணாவது தடவையும் தோத்துட்டு வந்தா. வில்லை ஜன்னல் வழியா எறிஞ்சிட்டா. 'டைப்பிங் கத்துக்கிட்டு ஆபீசுக்குப் போறேன் லூசியன், இந்த மரக்கட்டையை வித்துடு'ன்னா. அவ கண்ணை நீங்க பாத்திருக்கணும். விளக்கை அணைச்ச வீடு மாதிரி..."

"அப்பதான் இந்த வயோல் கிடைச்சுதா?"

"சேந்த்-உவான் பழைய சாமான் சந்தையில. பறவைக் கூண்டுக்கு அடியில கிடந்துச்சு. எட்டு மாசம் ஒட்டினேன். அழகான சத்தம். ஆனா பேரில்லாத அநாதை. மேல்பலகை அஞ்சு பட்டையா இருந்துச்சு. சூடு காட்டி வளைச்சு, பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருந்தாங்க. எங்களுக்கு அந்தக் காலத்துல கத்துக்குடுத்தது ஒண்ணே ஒண்ணு மதாம்... நல்ல பட்டறைன்னா கனமான பலகையைச் செதுக்கித்தான் எடுப்பான். பட்டையை வளைச்சு ஒட்டறது மரம் வாங்க வக்கில்லாதவன் வேலை. பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு, எவனோ ஊர்பேர் தெரியாதவன்னு."

"ஆனா உங்க மனைவிகிட்ட..."

"ஷாவின்யோன்னு சொன்னேன்!" கிழவர் நிமிர்ந்தார். "பழைய தாள்ல நானே லேபிள் அச்சடிச்சு ஒட்டினேன். 'சொலாஞ்ச், முன்னூறு வருஷமா காத்திருந்து உன்னைத் தேடி வந்திருக்கு'ன்னேன். அன்னைக்கு ராத்திரி வாசிச்சா பாருங்க... அதுக்கு முன்னாடி அவ அப்படி வாசிச்சதேயில்ல. அடுத்த வருஷம் பாரிஸே அவளைத் திரும்பிப் பாத்துச்சு. ஒரு பொய். ஒரே ஒரு பொய் மதாம். அது மேலதான் அவ வாழ்க்கையே நிக்குது."

"பிரதெல் கண்டுபிடிச்சிட்டார்."

"'அந்த லேபிள் உன் கைவேலைதானடா? வா, நேர்ல பேசுவோம்'ன்னார் போன்ல. போனேன். 'லேபிள் பொய், ரிப்போர்ட்ல எழுதப் போறேன், இன்னைக்கே சொலாஞ்சுக்குச் சொல்லணும்'ன்னார். நான் மண்டி போட்டேன்! மூணு வாரம்டா ஒரேலியன், மூணே வாரம் பொறுன்னு கெஞ்சினேன். அவ அந்த சந்தோஷத்தோட போயிடட்டும், அப்புறம் என்னை ஜெயில்ல போடுன்னேன். அவர்..."

மேஜையிலிருந்த ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் சிரிச்சார் மதாம். என்னைப் பாத்து கண்ணடிச்சு சிரிச்சிட்டு... முதுகைக் காட்டிக் குனிஞ்சார். என் கைக்குக் க்ளாம்ப் எப்ப வந்துச்சுன்னே தெரியாது."

"அப்புறம் பதினஞ்சு நிமிஷம் லேபிளை எடுத்தீங்க."

"அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தேன். பாக்க முடியல. ஆனா அந்தக் காகிதம் ஒண்ணுதான் என் கைவேலை. அது இல்லன்னா யாராலயும் பொய்னு சொல்ல முடியாதே?"

சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதற்குள்ளிருந்து, நாலு விரல் அகலத்தில் பழுப்பேறிய ஒரு காகிதம்.

"எரிக்கலையா?" என்றான் யானிஸ்.

"நாப்பத்தியோரு வருஷம் அவளைச் சிரிக்க வெச்சது தம்பி. எப்படி எரிப்பேன்?"

நாதேஜின் செல்போன் துடித்தது.

கொலோம்ப்!

"கேப்டன்... உங்க ஆளு ஒரேலியனோட கம்ப்யூட்டரைத் திறந்துட்டார். ரிப்போர்ட் இருக்கு." அவள் அழுதுகொண்டே பேசினாள். "லேபிள் போலின்னு எழுதியிருக்கார்..."

"தெரியும்."

"முழுசா கேளுங்க! லேபிள் போலி. ஆனா வயோல் அசல்!"

நாதேஜ் எழுந்து நின்றுவிட்டாள். "என்னது?"

"ஷாவின்யோவே செஞ்சது! மேல்பலகையில மரத்தோட வருஷ வளையத்தை எண்ணி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார். காலையில பதில் வந்திருக்கு. ஏற்கெனவே இருக்கற ஆறுல ஒண்ணு... அதோட மேல்பலகையும் இதோட மேல்பலகையும் ஒரே மரம்! ஒரே மரத்துல அறுத்தது கேப்டன்!"

"ஆனா... அஞ்சு பட்டையை வளைச்சு ஒட்டினது ஏழைப் பட்டறை வேலைன்னு..."

"யார் சொன்னா? அதெல்லாம் பழைய கதை! அந்தக் காலத்துப் பாரிஸ்ல பெரிய பெரிய கைதேர்ந்த ஆளுங்க எல்லாம் வளைச்சுத்தான் ஒட்டினாங்க. இப்ப முதல் வருஷம் படிக்கற பசங்களுக்கே தெரியும். ஷாவின்யோவைப் பத்தி ஒரே ஒரு கூட்டத்துக்கு வந்திருந்தா இவருக்கும் தெரிஞ்சிருக்கும்!"

நாதேஜ் போனை இறக்கினாள்.

"முசியே... ஷாவின்யோ பத்தி பேசற கூட்டத்துக்கு எல்லாம் நீங்க போறதில்லையா?"

"எப்படிப் போவேன்? அந்தப் பேரைக் கேட்டாலே எழுந்து வெளியில போயிடுவேன். பத்திரிகையில கட்டுரை வந்தா பக்கத்தைத் திருப்பிடுவேன். நாப்பத்தியோரு வருஷமா ஒரு எழுத்து படிச்சதில்ல."

சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நாளைக்கு யாராவது கோர்ட்டில் சொல்லத்தான் போகிறார்கள். கறுப்பு அங்கி போட்ட யாரோ ஒருவர்... காகிதத்தைப் பார்த்துப் படிப்பார்.

"அது அசல்" என்றாள்.

"எது?"

"உங்க வயோல். ஷாவின்யோ செஞ்சதுதான். லேபிள்தான் பொய். நீங்க சொன்னது பொய் இல்ல."

கிழவர் அவளையே பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அப்ப... அப்ப ஒரேலியன் ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் குனிஞ்சார் முசியே. ஃப்ரிட்ஜுல ஷாம்பெயின் வெச்சிருந்தார். மூணு கோப்பையோட."

லூசியன் தார்திவேலின் வாயிலிருந்து வந்த அந்தச் சத்தத்தை நாதேஜ் அதற்குப் பிறகு எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. கேட்கவும் விரும்பவில்லை.

விலங்கு மாட்டும்போது அவர் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"நாலரை ஆகப் போகுது. அந்த சூப்பை மட்டும்..."

3

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. ஜன்னலோரக் கட்டில்.

தலையணையில் சாய்ந்திருந்த சொலாஞ்ச் ஓப்ரியாக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தாள். மூக்கில் குழாய். ஆனால் கண்கள்? அதில் ஒரு குறையும் இல்லை.

அந்தக் கண்கள் நேராக ஃப்ளாஸ்க்குக்குப் போயின.

"அவர் வரல" என்றாள். "சூப் மட்டும் வந்திருக்கு."

நாதேஜ் ஃப்ளாஸ்க்கை மேஜையில் வைத்தாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை.

"லூசியனா?"

நாதேஜ் தலையசைத்தாள்.

கிழவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆக்சிஜன் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"எதுக்குன்னு சொன்னாரா?"

"மதாம், உங்க உடம்பு இருக்கற நிலைமையில..."

"நான் சாகப் போறேன் பொண்ணே. இதைவிட என்ன நிலைமை வரும்? சொல்லு."

சொன்னாள். சந்தையிலிருந்து ஆரம்பித்து, பறவைக் கூண்டு, எட்டு மாசம், லேபிள், மண்டி போட்டது, க்ளாம்ப்... எல்லாம். அவர் உங்களுக்காகத்தான் பயந்தார் என்றாள். உங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான்...

"எனக்குத் தெரியுமே."

நாதேஜ் நிறுத்தினாள்.

"என்ன... தெரியும்?"

"லேபிள் அவர் அடிச்சதுன்னு." சொலாஞ்சின் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "என்கிட்ட ஒரு பழைய பாட்டுப் புத்தகம் இருந்துச்சு. கடைசியில ரெண்டு வெள்ளைத்தாள். வயோல் வந்த வாரம் எடுத்துப் பாக்கறேன், ஒண்ணு காணோம். பிளேடால ரொம்ப அழகா வெட்டியிருந்தார். ஊர்ல வேற யாருக்கு அவ்வளவு நேரா வெட்ட வரும்?"

"அப்பவே தெரியுமா! நீங்க கேக்கலையா?"

"கேட்டா அவர் முகம் சுருங்கிடும். எனக்காக ஒருத்தர் திருட்டுத்தனம் பண்ணியிருக்கார்... அதைவிட வேற என்ன வேணும்? ஷாவின்யோ வந்துச்சுன்னா நான் நல்லா வாசிச்சேன்? இந்த ஆளு என்னை இவ்வளவு நம்பறாரேன்னு வாசிச்சேன்."

மூச்சு வாங்கியது. நாதேஜ் தலையணையைச் சரிசெய்யப் போனாள். கிழவி கையமர்த்தினாள்.

"இன்னும் கேளு. லேபிள் போலின்னு ஒரேலியனுக்குச் சொன்னதே நான்தான்."

"நீங்களா!"

"மியூசியத்துக்குப் பொய்யோட போகக் கூடாதுன்னு நெனச்சேன். அதைவிட... நான் போனப்புறம் லூசியன் தனியா அந்தப் பாரத்தைத் தூக்கிக்கிட்டு அலையக் கூடாது. 'வயோல் எதுவா இருந்தாலும் பரவால்ல, எனக்கு எல்லாம் தெரியும்னு அவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுடா'ன்னு ஒரேலியன்கிட்ட கேட்டேன். பக்குவமா சொல்றதுக்கு ஊர்லயே மோசமான ஆளைத் தேடிப் பிடிச்சிருக்கேன் பாரு..."

கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"மதாம்... அந்த ரிப்போர்ட்ல இன்னொண்ணும் இருக்கு."

"என்ன?"

"வயோல் அசல். ரெமி ஷாவின்யோவே செஞ்சது. ஏழாவது."

சொலாஞ்ச் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு அந்த உலர்ந்த உதடுகள் கோணின. சிரிப்பா அழுகையா என்று நாதேஜால் சொல்ல முடியவில்லை.

"நாப்பத்தியோரு வருஷம்" என்றாள் கிழவி. "அவர் என்னை ஏமாத்தறதா நெனச்சார். நான் அவரை ஏமாத்தறதா நெனச்சேன். கடைசியில ஒரு மரக்கட்டை எங்க ரெண்டு பேரையும் ஏமாத்திடுச்சு."

கையை நீட்டினாள்.

"அந்த சூப்பைக் குடு. ஆறிடப் போகுது."

நாதேஜ் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள் சொலாஞ்ச்.

"உப்பு போட மறந்துட்டார்" என்றாள்.

முழுசையும் குடித்து முடித்தாள்.

*

வெளியே வராந்தாவில் யானிஸ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. நாதேஜ் கவனிக்காத மாதிரி நடந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான். லிஃப்ட் முன்னால் நின்றார்கள்.

"கேப்டன்... எனக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் வேணும்."

"எதுக்கு?"

"கல்யாணத்தப்ப என் பொண்டாட்டிக்கு ஒரு மோதிரம் போட்டேன். வைரம்னு சொன்னேன். கண்ணாடி."

"போய் ஒத்துக்கப் போறியா?"

"இல்ல கேப்டன்..." லிஃப்ட் பொத்தானை அழுத்தினான் யானிஸ். "ஊர்ல இருக்கற இரும்பு க்ளாம்ப்பை எல்லாம் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, முதல்ல அது கண்ணாடிதானான்னு ஒரு நல்ல கடையில கேட்டுக்கப் போறேன்!"